ஷோரூமா, மாங்காய்க் கொட்டகையா

மாங்காய் சீசன் தொடங்கிய வாரத்தில்தான் என் பைக் புகைவிட ஆரம்பித்தது. காலையில் கிக்கரை உதைத்ததும் சைலன்சரிலிருந்து நீலமாக ஒரு மேகம் கிளம்பி வாசலை மறைக்கும். கொஞ்ச தூரம் போனதும் அடங்கிவிடும் என்பதால் முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு மேடு ஏறும்போதும் புகைந்தது. எஞ்சின் ஆயில் வேறு குறைந்துகொண்டே வந்தது. எங்கள் தோப்புக்கு எதிரே காய் எடை போடுகிறவர், நான் வருவதைப் பார்த்தாலே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கொசு மருந்து வண்டி வந்துருச்சுங்கோ" என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிப்பார்.

அந்த பைக் முதலில் என் கணவருடையது. அவர் பிக்கப் வேன் வாங்கிய பிறகு கொட்டகைச் சுவரில் சாய்ந்தபடி கிடந்தது. பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் எங்களுக்கு மாந்தோப்பு ஒரே இடத்தில் இல்லை; இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது. நடுவில் கல்லும் மணலுமான வண்டித்தடம். ஸ்கூட்டரின் குட்டிச் சக்கரம் அதில் மாட்டிக்கொள்ளும். அதனால் ஒரு மழைக்காலத்தில் நானே அந்த பைக்கை எடுத்து ஓட்டிப் பழகினேன். சுடிதார் போட்ட பொம்பளை ஆம்பளை வண்டியில் போகிறாள் என்று கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அவர்களுக்கே அலுத்துப்போய்விட்டது. எனக்கு மட்டும் அலுக்கவில்லை. கியரை மாற்றும்போது காலுக்கடியில் "டக்" என்று ஒரு சின்ன சத்தம் வரும். அதைக் கேட்பதற்காகவே சில நாள் தேவையில்லாமல் கியர் மாற்றியிருக்கிறேன்.

"கம்பெனி சர்வீஸ்ல உட்ருலாம் புள்ள" என்றார் கணவர். ஒரு சனிக்கிழமை பைக்கை வேனில் ஏற்றிக்கொண்டு பாலக்காடு போனோம்.

சர்வீஸ் சென்டரில் ஒரு மெக்கானிக் வந்து வண்டியை ஸ்டார்ட் செய்தார். புகையைப் பார்த்தார். ஆக்சிலரேட்டரை முறுக்கிவிட்டு மறுபடி பார்த்தார். மலையாளம் கலந்த தமிழில், "சேச்சி, இது எஞ்சின் பணியாக்கும். வால்வ் சீல் போயிட்டுண்டு. ரிங்கும் போயிருக்கும். ஹெட் அழிச்சாத்தான் உறுதியா சொல்ல முடியும்" என்றார். எஞ்சினின் தலைப்பகுதியைப் பிரித்தால்தான் தெரியும் என்று அர்த்தம்; பிரிப்பதை அங்கே அழிப்பது என்பார்கள். மரியாதையாகப் பேசினார். வேலை நெருக்கடி, பார்ட்ஸ் வரவேண்டும், எப்படியும் ரெண்டு மூணு வாரம் வண்டி இங்கேயே நிற்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஏதாவது கேட்க வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று போன் நம்பரும் கொடுத்தார்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் வண்டியை விட்டுவிட்டே வந்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் முன்மேசையில் இருந்த பையன் என்னைத் தாண்டி என் கணவரைப் பார்த்து, "சார், இத்தரயும் பழைய வண்டிக்கு எதுக்கு செலவு? சேச்சிக்கு ஒரு புது ஸ்கூட்டர் எடுத்துக் கொடுங்க. லேடீஸுக்கு அதுதான் சௌகர்யம்" என்றான்.

நான் வெளியே போய் பைக்கை வேன் பக்கம் தள்ள ஆரம்பித்தேன்.

கணவர் பின்னாலேயே வந்தார். "ஏம்புள்ள, எங்க தள்ளீட்டுப் போற?"

"ஊட்டுக்குங்க."

"ஊட்டுக்குக் கொண்டுபோயி?"

"நானே பிரிச்சுப் பாக்கறனுங்க."

அவர் சிரிக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கொல்லங்கோடு வரும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு யோசனையாகவே இருந்தார். பிறகு தன் பக்க நியாயத்தைச் சொன்னார். கம்பெனிக்காரனிடம் அதற்கென்று கருவி இருக்கிறது. தினமும் செய்கிற கை. தப்பானால் அவனே திருத்தித் தரவேண்டும். நாம் பிரித்து, நாமே கெடுத்துவிட்டால், மூட்டை கட்டி எடுத்துப்போனாலும் யாரும் தொடமாட்டார்கள். எல்லாம் சரிதான். என் பக்கம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இத்தனை வருஷமாக அதன்மேல் உட்கார்ந்து போகிறேன், உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. பார்க்கவேண்டும் போல இருந்தது. சீசன் நேரத்தில் வண்டியைக் கண்ணில் காணாமல் வாரக்கணக்கில் காத்திருக்க முடியாது என்பதும் இருந்தது. அதைத்தான் முதல் காரணமாகச் சொன்னேன். சொல்வதற்கு அது கௌரவமாக இருந்தது.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி ஓடவேண்டும். இல்லாவிட்டால் அவர் எல்லாவற்றையும் ஒரு மாங்காய்க் கூடையில் அள்ளிப் போட்டு ஷோரூமுக்குக் கொண்டுபோவார். நான் வாயைத் திறக்கக்கூடாது.

இந்தச் சேதி எப்படியோ கொல்லங்கோட்டில் இருக்கும் என் நங்கையாவுக்குப் போய்ச் சேர்ந்தது. நங்கையா என்றால் கணவரின் அக்கா. எங்கள் பக்கம் நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவோம். டெய்லர் கடை வைத்திருக்கிறார். தையல் மெஷினை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து மாட்டுவார். அதனால் உலகத்தில் உள்ள எல்லா மெஷினும் தனக்குச் சொந்தம் என்ற நினைப்பு அவருக்கு உண்டு. மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் பை.

"அம்மிணி, எஞ்சின் என்ன எஞ்சின்? மேல கீழ போய்ட்டு வர்றதுதான். தையல் மெஷின்ல ஊசி, இதுல பிஸ்டன். அவ்வளவுதான் வித்தியாசம்."

"ஊசிக்குத் தீப்புடிக்காதுங்க நங்கையா."

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

மாங்காய்க் கொட்டகையின் ஒரு மூலையைக் கூட்டி, பழைய போர்வையை விரித்து வேலையைத் தொடங்கினோம். கொட்டகையின் மறுபக்கத்தில் பெண்கள் உட்கார்ந்து காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் வைக்கிற வைக்கோல் தரையெல்லாம் பரவிக் கிடந்தது. போனில் யாரோ ஒருவர் இதே மாதிரி வண்டியைப் பிரிக்கிற வீடியோ ஓடியது. அவர் இந்தியில் பேசினார். எங்கள் இருவருக்கும் இந்தி தெரியாது. ஆனால் கை செய்வது தெரிந்தது; அது போதுமாக இருந்தது.

பெட்ரோல் டேங்க், சைலன்சர், கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினோம். இந்த இடத்தில் நங்கையாவைப் பாராட்டத்தான் வேண்டும். ஒரு மாங்காய்ப் பெட்டியின் அட்டையில் எஞ்சினைப் படமாக வரைந்து, எந்தப் போல்ட் எங்கிருந்து வந்ததோ படத்தில் அதே இடத்தில் குத்தி நிறுத்தினார். பார்ப்பதற்குக் கோலம் போலவே இருந்தது. ஹெட்டைத் தூக்கியபோது உள்ளே கரி. வால்வின் கழுத்தில் இருந்த ரப்பர் சீல், நகத்தால் தொட்டதும் காய்ந்த புளியங்கொட்டைத் தோல் மாதிரி உதிர்ந்தது. மெக்கானிக் பார்க்காமலே சொன்னது சரியாக இருந்தது. அந்த இடைவெளி வழியாகத்தான் ஆயில் இறங்கி எரிந்திருக்கிறது. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? மறைத்து வைத்திருந்த பலகாரத்தைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

அடுத்து சிலிண்டரையும் உருவினோம். பிஸ்டன் ஒரு தண்டின் நுனியில் தலையாட்டிக்கொண்டு நின்றது. அதைச் சுற்றியிருந்த ரிங் தேய்ந்திருந்தது. வீடியோக்காரர் பிஸ்டனைக் கழற்றாமல் அங்கேயே வைத்து ரிங்கை மாற்றினார். நானும் அதையே செய்யலாம் என்றேன்.

"கைல எடுத்துப் பாத்தாத்தான தெரியும்?" என்றார் நங்கையா. "இத்தன தூரம் வந்துட்டு அரையுங் கொறையுமா உடறதா?"

பிஸ்டனைத் தண்டோடு சேர்க்கிற பின் ஒன்று உண்டு. அது நழுவாமல் இருக்க இரண்டு பக்கமும் நகத்துண்டு மாதிரி ஒரு கம்பி வளையம் பிடித்திருக்கும். சர்க்கிளிப் என்பார்கள். நங்கையா ஒரு ஊசிமுனை ஸ்க்ரூடிரைவரை அதற்கடியில் கொடுத்து நெம்பினார்.

"ட்டிங்."

அந்தச் சத்தம் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. வளையம் போய்விட்டது. எங்கே போனது என்று இருவரில் யாரும் பார்க்கவில்லை.

எஞ்சினின் வாய் திறந்து கிடந்தது. அதைத் துணி வைத்து அடைக்கவேண்டும் என்று வீடியோவில் முதலிலேயே காட்டியிருந்தார்கள். இந்தியில் சொன்னதால் அது முக்கியம் என்று எங்களுக்குப் படவில்லை. ஒன்று, வளையம் எஞ்சினுக்குள் விழுந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் கொட்டகை முழுக்கப் பரவிக் கிடக்கிற வைக்கோலில் விழுந்திருக்கவேண்டும். புது வளையம் கடையில் கிடைக்கும். ஆனால் பழையது எங்கே என்று தெரியாமல் எஞ்சினை மூட முடியாது. அது உள்ளே இருந்து, நாம் வண்டியை ஓட்டினால், எல்லாம் நொறுங்கிவிடும்.

நங்கையா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். நான் போர்வையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காய் பிரிக்கிற பெண்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். ஒருத்தி, "என்னக்கா, மூக்குத்தி போயிருச்சா?" என்றாள். கிட்டத்தட்ட அந்த அளவு சாமான்தான் என்றேன்.

கணவர் அந்த நேரம் பார்த்து லோடு ஏற்ற வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். "நாஞ் சொன்னன்ல" என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். மாங்காய்க் கூடையை எடுத்து வந்துவிடுவாரோ என்றும் பயந்தேன். அவர் வேன் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் வேனுக்குள்ளிருந்து எதையோ பெயர்க்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஸ்பீக்கர். பாட்டுக் கேட்பதற்காக ஆசை ஆசையாகக் கோயம்புத்தூரில் வாங்கி மாட்டிய ஸ்பீக்கர்.

"அதையெதுக்குங்க புடுங்கினீங்க?" என்றேன்.

"இதுல இருக்கற காந்தம் மாதிரி வேற எதுல இருக்குது?"

ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்தார். அதன் ஓரத்தில் ஒரு நீளமான ஆணியை ஒட்டவைத்து, எஞ்சினின் வாய்க்குள் விட்டு மூலை மூலையாகத் துழாவினார். நங்கையா டார்ச் அடித்தார். ஆணியை வெளியே எடுத்தால் ஆயில் மட்டும் சொட்டியது. மறுபடி விட்டார். மறுபடியும் ஆயில்தான்.

"உள்ள இல்லீன்னு நெனைக்கறன்" என்றார். "நெனைக்கறதெல்லாம் பத்தாது. வைக்கோல்ல தேடோணும்."

காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்தோம். பெண்கள் காயை அப்படியே போட்டுவிட்டு வைக்கோலைப் பிடி பிடியாக அள்ளிக் காந்தத்தின் மேல் உதறினார்கள். எங்கள் கொட்டகை அத்தனை வருஷமும் விழுங்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. பெட்டி ஆணிகள், வாஷர், கொண்டை ஊசி, ஒரு கத்தரியின் பாதி, வேனின் தொலைந்துபோன சாவி. சாவியைப் பார்த்ததும் கணவர் கொஞ்சம் சத்தமாகவே, "இதுக்குத்தான புதுப் பூட்டு மாத்தினன்!" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்புக்கு நடுவில், மூலையில் இருந்த ஒருத்தி, "இதாங்களா பாருங்கக்கா" என்று விரல் நுனியில் எதையோ நீட்டினாள்.

அதுதான். நங்கையா அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் எஞ்சின் ஆயிலைப் பூசிவிட்டார்.

அதன்பிறகு கணவர் எதிர்க்கட்சியாக இருக்கமுடியவில்லை. ஸ்பீக்கரை உடைத்தவருக்கு வேலையில் பங்கு வந்துவிட்டது. மறுநாள் பழைய சீலையும் ரிங்கையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு பொள்ளாச்சி ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்கு நான் போனேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சைஸ் பாத்துத் தரோணுமுங்க. மெக்கானிக்க வரச் சொல்லுங்க" என்றார்.

"வந்துட்டாருங்க."

அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. பிறகு என் நகக்கண்ணில் இருந்த கரியைப் பார்த்தார். எதுவும் கேட்காமல், சீல், ரிங், கேஸ்கெட், சர்க்கிளிப் எல்லாம் எடுத்து வைத்து, "ரிங்கோட எழுத்துப் பக்கம் மேல வரோணுமுங்க, மறந்துராதீங்க" என்று சொல்லிக் கொடுத்தார்.

மாட்டுகிற வேலை கழற்றுகிற வேலை மாதிரி இல்லை. பொறுமை வேண்டும். வால்வ் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்க எங்களிடம் கருவி கிடையாது. கணவர் மரவேலைக்கு வைத்திருந்த கிளாம்பும் ஒரு பைப் துண்டும் அதற்கு உதவின. புது சர்க்கிளிப்பை மாட்டும்போது எஞ்சின் வாயில் என் பழைய துப்பட்டா முழுவதையும் திணித்தேன். நங்கையா கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கிற டைமிங் செயினை மாட்டும்போதுதான் தகராறு. செயின் சுற்றுகிற மேல் பல்சக்கரத்தில் இருக்கிற கோடு ஹெட்டின் விளிம்போடு நேராக நிற்கவேண்டும். எனக்கு அது கொஞ்சம் சாய்ந்திருப்பதாகப் பட்டது. "ஒரு நூல் வித்தியாசம். தையல்ல இது கணக்கே இல்ல" என்றார் நங்கையா. எனக்கும் களைப்பு. விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எல்லாம் மாட்டியாயிற்று. கணவர், நங்கையா, காய் பிரிக்கிற பெண்கள், எதிர்த் தோப்பில் எடை போடுகிறவர் என்று எல்லோரும் நிற்க, நான் கிக்கரை உதைத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி உதைத்தேன். சைலன்சர் வழியாக "டப்" என்று வெடித்து, வைக்கோல் தூசி எல்லார் மேலும் பறந்தது. எடை போடுகிறவர் பின்னால் தாவிய வேகத்தில் ஒரு கூடை காய் கவிழ்ந்தது.

அப்போதுதான் நிஜமாக யோசிக்கவேண்டி வந்தது. இதற்கு மேல் என் அறிவை நம்பி உதைத்துக்கொண்டிருந்தால் உள்ளே எதையாவது வளைத்துவிடுவேன். கூடையைக் கொண்டுவரச் சொல்லலாமா? தோற்றுப்போனோம் என்று நினைக்க மனசு வரவில்லை. ஆனால் கேட்பதில் என்ன தோல்வி? பாலக்காடு மெக்கானிக்கின் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன்.

நான் யார் என்று சொன்னதும், "சேச்சி நிஜமாத்தன்னே அழிச்சுட்டீங்களா?" என்று கேட்டார். குரலில் ஆச்சரியம்தான் இருந்தது, கிண்டல் இல்லை. டைமிங் கோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"ஒரு பல்லு மாறிப்போச்சு சேச்சி. அவ்வளவுதான். இனி கிக் அடிக்க வேண்டா. செயினை இறக்கி, ஒரு பல்லு பின்னால வெச்சு மாட்டுங்க. கையால மெல்ல சுத்திப் பாருங்க. எங்கயும் இடிக்கலன்னா ஸ்டார்ட் பண்ணலாம்."

நான் நங்கையாவைத் திரும்பிப் பார்த்தேன். "ஒரு நூல்னு நெனச்சன் அம்மிணி" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதைச் சரிசெய்தோம். அரை உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆனால் சைலன்சரிலிருந்து முன்னைவிட அதிகமாகப் புகை! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கணவர்தான், "அணைக்காத புள்ள. உள்ள ஒட்டீட்டிருக்கற பழைய ஆயிலு எரியுது. இருந்து பாரு" என்றார். பார்த்தோம். புகை மெல்ல மெலிந்தது. நூலாகி, பிறகு இல்லாமலே போனது. சைலன்சருக்குப் பின்னால் நெல்லியாம்பதி மலை சுத்தமாகத் தெரிந்தது. பெண்கள் கை தட்டினார்கள். எடை போடுகிறவர் மூக்கிலிருந்து துண்டை எடுத்தார்.

மேலே மட்டும் "டிக் டிக்" என்று ஒரு சின்ன சத்தம். வால்வை அமுக்குகிற டேப்பெட்டின் இடைவெளி சரியில்லை. அதை அளக்க மெல்லிய தகடுகள் வேண்டும். நங்கையா பிளேடை வைத்துச் சரிபார்த்துவிடலாம் என்று ஆர்வமாகக் கிளம்பினார். நான் மறுத்துவிட்டேன். எது என் கைக்கு எட்டும், எது எட்டாது என்று அந்த ஒரு வாரத்தில் ஓரளவு பிடிபட்டிருந்தது. திங்கட்கிழமை அவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, வண்டியை நோகாமல் ஓட்டிப் பாலக்காடு போனேன்.

முன்மேசைப் பையன் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மெக்கானிக் கண்டுகொண்டார். டேப்பெட்டைச் சரிசெய்தார், குனிந்து காது கொடுத்துக் கேட்டார், ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தார். "கொள்ளாம், நல்லாருக்கு" என்றார். பிறகு ஹெட்டின் ஓரத்தில் பிதுங்கி நின்ற பசையை விரலால் காட்டி, "கேஸ்கெட் பேஸ்ட் இத்தர வேண்டா சேச்சி. இட்லிக்குச் சட்னி மாதிரி வெச்சிருக்கீங்க" என்று சிரித்தார். உள்ளேயிருந்த மற்ற மெக்கானிக்குகளையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. பெருமைதான் ஒரு பிடி கூடுதல்.

திரும்பி வரும்போது கொல்லங்கோட்டுக்கு முன்னால் வயல்களுக்கு நடுவே போகிற நேர் ரோட்டில் நங்கையா தோளைத் தட்டினார்.

"அம்மிணி, நிறுத்து. நான் ஓட்டிப் பாக்கறன்."

"உங்களுக்கு ஸ்கூட்டர்தானுங்க தெரியும்?"

"எஞ்சினே மாட்டியாச்சு. ஓட்டறதென்ன?"

அன்றைக்கு அவரும் சுடிதார்தான் போட்டிருந்தார். இதையெல்லாம் திட்டம் போட்டுத்தான் கிளம்பியிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. கிளட்சை எப்படி விடவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதித்து அணைந்தது. திட்டினார். மறுபடி குதித்தது. பிறகு எப்படியோ பிடிபட்டு, முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டார். வயலில் களை பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"நங்கையா, கியர் மாத்துங்க!"

"மாத்தமாட்டன், இதே நல்லாத்தான் இருக்குது!" என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினார்.